இருநூறு கெஜம்

பதினாறாயிரம் அடி ஏற இருபத்திரண்டு நிமிஷம் பிடிக்கும். நாலு எஞ்சின் குண்டு விமானம், வயிறு நிறையக் குண்டு, இறக்கை நிறையப் பெட்ரோல். அது ஏறுகிற அழகைப் பார்த்தால் பந்தியில் மூக்குமுட்டச் சாப்பிட்டுவிட்டு மாடிப்படி ஏறுகிற சம்பந்தி ஞாபகம்தான் வரும். சென்னியப்பனுக்கு வாரத்திலேயே பிடித்தமான நேரம் இந்த இருபத்திரண்டு நிமிஷம்தான், போன ஞாயிற்றுக்கிழமை வரைக்கும். கம்ப்யூட்டர் திரைக்குள் கடல், கடலுக்கு மேலே கிழிந்த மேகம், வலப்பக்கம் கொஞ்சம் பின்னால் மலேசியாவின் ஈப்போவில் உட்கார்ந்து பவானி ஓட்டுகிற இரண்டாம் விமானம், இடப்பக்கம் காயல்பட்டினத்திலிருந்து நூஹு ஓட்டுகிற மூன்றாம் விமானம், வாலுக்குப் பின்னால் கொழும்பிலிருந்து ஒருத்தர் ஓட்டுகிற நாலாம் விமானம். அந்தக் கொழும்புக்காரர் பேச மாட்டார், இருமுவார். இருமல் கேட்டால் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். எல்லாருக்கும் முன்னால் போகிற ஒன்றாம் விமானம் சென்னியப்பனுடையது. சென்னிமலையில் தறிக்கூடத்துக்கு அடுத்த வீட்டில், மத்தியானம் மூன்று மணிக்கு, பனியனோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, காதை அமுக்குகிற ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஐம்பத்தொரு வயசில் அவர் ஒரு தீவின் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைத் தகர்க்கப் போய்க்கொண்டிருந்தார். எல்லாம் விளையாட்டுதான். யாரும் சாகப் போவதில்லை. சுடுகிறவர்களும் எங்கோ ஓர் ஊரில் இதே மாதிரி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவர்கள்தான். ஆனாலும் நாலு ஊரில் நாலு பேர் வாரம் பூராவும் காத்திருந்து, சொந்தக்காரர்களிடம் பொய் சொல்லி, விசேஷ வீடுகளைத் தட்டிக்கழித்து, இந்த ஒன்றரை மணி நேரத்தை எடுத்துவைக்கிறார்கள். அதில் விளையாட்டு எங்கே இருக்கிறது. தறி ஓடுகிற சத்தம் சுவரைத் தாண்டி வந்து எஞ்சின் சத்தத்தோடு கலந்துகொண்டது. ஞாயிற்றுக்கிழமையும் ஓட்டுகிறான் பாவி, என்று நினைத்தார், ஆனால் அது நின்றால் விமானம் விழுந்துவிடும் போலவும் இருந்தது.

வலது கை மேஜைமேல் கிடந்தது. கிடக்கட்டும். பார்க்க வேண்டாம். சும்மா கிடக்கும்போது அதற்கு ஒன்றும் இல்லை, சமர்த்தாக இருக்கும். எதையாவது அசையாமல் பிடிக்க வேண்டும் என்று மனசு நினைத்த உடனேதான் கட்டைவிரலில் ஆரம்பித்து மணிக்கட்டு வரைக்கும் ஒரு சிலிர்ப்பு ஓடும். அப்படியானால் நினைக்காமல் பிடிக்க வேண்டும். நினைக்காமல் எப்படிப் பிடிப்பது? நினைக்காதே என்று நினைப்பதும் நினைப்புதானே. இருபத்தாறு வருஷமாக அவர் ஊராருக்குச் சொல்லிக்கொண்டிருப்பதும் இதைத்தான்: கையை இறுக்காதீங்க, சும்மா விடுங்க, முஷ்டியை மடக்குங்க, அவ்வளவுதான், எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும், முடிஞ்சுதுங்க. பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து லேப்பில் ரத்தம் எடுக்க சென்னியப்பன்தான் வேண்டும் என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. குத்தினதே தெரியலீங்க என்பார்கள். எத்தனை முழங்கை, எத்தனை நரம்பு. கறுத்த கை, வெளுத்த கை, தறி அடித்து மரத்துப்போன கை, மருதாணிக் கை. எல்லாவற்றிலும் முதல் குத்திலேயே ரத்தம். வியாழக்கிழமை வந்த அந்த ரிட்டையர்டு வாத்தியாரம்மாவுக்கு முதல் குத்தில் வரவில்லை. ஊசி நுனி நரம்பின்மேல் நின்று சின்னதாக ஆடியதை அவர் பார்த்தார். இரண்டாம் குத்திலும் வரவில்லை. மூன்றாம் குத்துக்குக் கையை மாற்றினார். அந்தம்மா பல்லைக் கடித்துக்கொண்டு, "உங்க மேல தப்பில்லீங்க, எனக்கு நரம்பு கிடைக்கறது கஷ்டம்" என்றார். "ஆமாங்கம்மா, உங்களுக்கு ரொம்ப உள்ள இருக்குதுங்க" என்று சொன்னது யார்? இந்த வாய்தான். நரம்பு கயிறு மாதிரி மேலேயே கிடந்தது. குத்தின இடம் நீலம் பாரித்திருக்கும் இந்நேரம். அந்தம்மா ஐஸ் ஒத்தடம் வைத்துக்கொண்டு தன் நரம்பைத் திட்டிக்கொண்டிருப்பார். ஒன்பதாயிரம் அடி. எஞ்சின் சூடு சரியாக இருக்கிறது.

"ஒண்ணு, திசை சரியா?" என்றாள் பவானி. "சரி" என்றார். பறக்கும்போது பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, எண் மட்டும்தான். அண்ணே, அக்கா, தம்பி எதுவும் கிடையாது, வாங்க போங்க கிடையாது. அது பவானி வைத்த சட்டம். அவள் அங்கே பள்ளிக்கூட டீச்சர், சட்டம் வைக்கத் தெரிந்தவள். நாம தமிழருங்க, அண்ணே கொஞ்சம் வலது பக்கம் வர்றீங்களான்னு மரியாதை கொடுத்து முடிக்கறதுக்குள்ள குண்டு கடல்ல விழுந்திரும் என்பாள். அவள் சொன்ன நேரம், மரியாதை இல்லாமலே குண்டு கடலில் விழுந்தது. இவர்களுடைய குழுவில் ஒன்றாம் விமானம் மட்டும்தான் குறிக்கண்ணாடியில் கண்ணை வைக்கும். மற்ற மூன்று பேரும் கீழே பார்ப்பதே இல்லை. ஒன்றாம் விமானத்தை ஒட்டிக்கொண்டு வருவார்கள், அவர் "விடு" என்றதும் அவர்களும் பொத்தானை அமுக்குவார்கள். அவருடைய ஒரு கண்ணுக்கு நாலு விமானத்துக் குண்டும் கட்டுப்பட்டது. அவர் பார்ப்பது என்றால் இப்படி: இலக்குக்குக் கொஞ்சம் முன்னால் தரையில் ஏதாவது ஒரு புள்ளியைப் பிடித்து, குறியின் சிலுவை அதைவிட்டு நகராமல் மவுஸை மட்டும் மெல்ல இழுத்துக்கொண்டு, பத்து விநாடி இருக்க வேண்டும். அந்தப் பத்து விநாடியில் யந்திரம் வேகத்தையும் காற்றையும் கணக்குப் போட்டுக்கொள்ளும். சிலுவை ஆடினால் கணக்கும் ஆடும். போன வாரம் ஆடியது. இருநூறு கெஜம் முன்னாலேயே நாலு விமானத்துக் குண்டும் வரிசையாகக் கடலில் விழுந்து, நுரை நுரையாகப் பொங்கியது. பார்க்க அழகாகக்கூட இருந்தது. அப்புறம் எல்லாரும் இறங்கிய பிறகு, எண்ணெல்லாம் உதிர்ந்து மறுபடி அண்ணனும் தம்பியுமாக ஆன பிறகு, "என்னாச்சுண்ணே?" என்று பவானி கேட்டாள். கேட்டாள், அவ்வளவுதான், அதட்டவில்லை. தெரியலீங்கம்மா என்று சொல்லியிருக்கலாம். காற்று என்று சொல்லியிருக்கலாம், காற்றுக்கு என்ன, கோபித்துக்கொள்ளவா போகிறது? வாயிலிருந்து வந்தது வேறு. "நூஹு தம்பி ரொம்ப ஒட்டி வந்துட்டாருங்க. இடிச்சிருவாரோன்னு நான் கொஞ்சம் ஒதுங்கிட்டனுங்க." முப்பத்தாறு வயசு, இரண்டு பெண் குழந்தைக்குத் தகப்பன், செல்போன் பழுது பார்த்துப் பிழைக்கிறவன், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. "மன்னிச்சிருங்கண்ணே, இனிமே பாத்து வாரேன்" என்றான். சரிங்க தம்பி, பரவாயில்லை என்று இவர் பெரிய மனசு பண்ணி மன்னித்தும் விட்டார்.

ஒரே வாரத்தில் இரண்டு பேர், என்று கணக்குப் பார்த்தார். இரண்டு பேரும் கேட்காமலே பழியைத் தலையில் எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். நான் வைக்கவில்லை. இல்லை, நூஹு தலையில் நான்தான் வைத்தேன். வாத்தியாரம்மாவே எடுத்துக்கொண்டார், நான் இறக்கிவைக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். சமையலறையில் மனைவி கோகிலவாணி மிக்ஸி போட்டாள், நிறுத்தினாள், மறுபடி போட்டாள். மத்தியானச் சாப்பாட்டில் ரசத்தைக் கரண்டியால் ஊற்றிக்கொள்ளாமல் கிண்ணத்தோடு கவிழ்த்துக்கொண்டதை அவள் பார்த்தாளா? பார்த்திருந்தால் சும்மா இருக்க மாட்டாள். இருபத்து மூன்று வருஷத்தில் அவள் எதையும் பார்த்துவிட்டுச் சும்மா இருந்ததில்லை. காப்பி டம்ளரைக் கையில் வாங்காமல் அங்க வெச்சிரு என்று சொல்லப் பழகி மூன்று மாசம் ஆகிறது. துரை ஆயிட்டீங்க என்று கேலி பண்ணிவிட்டு வைத்துவிட்டுப் போகிறாள். சொன்னால் என்ன ஆகும்? அழ மாட்டாள். ஈரோட்டுக்கு பஸ் பிடிப்பாள். பெரிய டாக்டர், ஸ்கேன், தலைக்குள் படம். அதற்கு ஒரு பெயர் சொல்வார்கள். பெயர் வைத்துவிட்டால் அது வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்; இப்போது பெயர் இல்லை, வாசலில்தான் நிற்கிறது. லேப்பில் தெரிந்தால் அன்றைக்கே ஊசியை வாங்கி வைத்துவிட்டு, ரிப்போர்ட் அச்சடிக்கிற இடத்தில் உட்கார வைப்பார்கள். உட்கார வைத்தால் நல்லது. வைக்காமல் வீட்டுக்கே அனுப்பிவிட்டால்? பதினாலாயிரம் அடி. "மூணு, கிட்ட வா" என்றாள் பவானி. "வாரேன்" என்றான் நூஹு. சென்னியப்பன் இடப்பக்கம் திரும்பிப் பார்த்தார். மூன்றாம் விமானம் எங்கேயோ தூரத்தில் விரற்கடை அளவுக்குத் தெரிந்தது. ஒட்டி வர வேண்டிய இடம் அது இல்லவே இல்லை. வந்தான், கொஞ்சம் வந்தான், மறுபடி நழுவி அதே தூரத்துக்குப் போய்விட்டான். இடித்துவிடுவோமோ என்று பயப்படுகிறவன் அப்படித்தான் ஓட்டுவான். நாலு விமானமும் நெருங்கிப் போனால் நாற்பது துப்பாக்கி சேர்ந்து பேசும். தனியாக ஒதுங்கிப் போகிறவனுக்கு அவனுடைய பத்துதான். சண்டை விமானக்காரர்கள் மேலேயிருந்து முதலில் தேடுவதே ஒதுங்கி வருகிறவனைத்தான். இதெல்லாம் நூஹுவுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் ஒதுங்கி வருகிறான். நான் சொன்னதற்காக. சொல்லிவிடலாமா, என்று நினைத்தார். தீவு தெரியட்டும். தீவு தெரிந்ததும் சொல்லலாம்.

தீவு தெரிந்தது. மணல் நிறத்தில் ஒரு கோடு, அப்புறம் துறைமுகத்துச் சுவர், அப்புறம் வெள்ளை வெள்ளையாகத் தொட்டிகள். இப்போது வேண்டாம், குறி பார்க்கிற நேரம், எல்லாரும் பதறிவிடுவார்கள். போட்டுவிட்டுத் திரும்பும்போது நிதானமாகச் சொல்லலாம். எப்போதுமே கொஞ்ச நேரம் கழித்துச் சொல்லத்தான் அவருக்குத் தோன்றும். மூன்று மாசமும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் போயிற்று. குறிக்கண்ணாடிக்குள் போனார். உலகம் வட்டமாகச் சுருங்கியது. துறைமுகச் சுவரின் முனையில் ஒரு கலங்கரை விளக்கம் இருந்தது, அதன்மேல் சிலுவையை வைத்தார். வைத்தார் என்று சொல்வது மரியாதைக்காக. சிலுவை விளக்கைச் சுற்றி ஈ மொய்ப்பதுபோல் மொய்த்தது. இடது கையைக் கொண்டுவந்து வலது மணிக்கட்டை அழுத்திப் பிடித்தார். இன்னும் மோசம், இப்போது இரண்டு கையும் ஆடியது. மூச்சை அடக்கு. சும்மா விடுங்க, இறுக்காதீங்க, எறும்பு கடிக்கிற மாதிரி. வியர்வை பனியனுக்குள் இறங்கியது. பத்து விநாடி வேண்டும், எனக்கு இரண்டு விநாடிகூட நிற்கவில்லை. மறுபடி வைத்தார், மறுபடி நழுவியது. போன வாரம் ஆடியது தற்செயல் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தது இத்தோடு முடிந்தது. அப்போது நாலாம் விமானம் இருமாமல் பேசியது. "மேலை மூண்டு பேர் வாறாங்கள்." கொழும்புக்காரரின் குரலை அவர்கள் முழுசாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. மூன்று கறுப்புப் புள்ளிகள், சூரியனுக்குக் கீழே. அவை இந்தப் பக்கம் வரவில்லை. நேராக நூஹுவைப் பார்த்துச் சரிந்தன. "மூணு, உள்ள வா! உள்ள வா!" என்று கத்தினாள் பவானி. "வாரேன், வாரேன்" என்றான் அவன், வரவில்லை, பாதி வந்து தயங்கினான். அவனுடைய இறக்கையில் துப்பாக்கிக் குண்டு பட்டுப் பொறி பறந்தது, ஓர் எஞ்சின் புகைய ஆரம்பித்தது. அப்போதும் தயங்கினான். சாவதற்குப் பயமில்லை, இடித்து விடுவதற்குப் பயம். சென்னியப்பன் குறிக்கண்ணாடியிலிருந்து கண்ணை எடுத்தார்.

"தம்பி, நூஹு" என்றார். ஆகாயத்தில் யாரும் யாரையும் பெயர் சொன்னதில்லை. "போன வாரம் நீங்க இடிக்க வரலீங்க தம்பி. நீங்க ஒண்ணுமே பண்ணலீங்க. என்ற கை நடுங்குச்சு. மூணு மாசமா நடுங்குது. வெளிய சொல்ல வெக்கப்பட்டுட்டு உங்க மேல பழியப் போட்டுட்டனுங்க. ஒட்டி வாங்க. எம்மேல இடிச்சாலும் பரவால்லீங்க, ஒட்டி வாங்க." திட்டட்டும். திட்டினால் நன்றாக இருக்கும். "அண்ணே" என்றான் நூஹு, அவனும் எண்ணை விட்டுவிட்டான். "அப்ப நான் இடிக்க வரலியா?" அவன் குரல் அழுகிறதா சிரிக்கிறதா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. "ஒரு வாரமா அன்னைக்கு ஆடுன ஆட்டத்து ரிக்கார்டைப் போட்டுப் போட்டுப் பாக்கேன்ணே. எந்த எடத்துல ஒட்டி வந்தேன்னே பிடிபடலை. கண்ணுதான் கோளாறு போலன்னு நேத்து தூத்துக்குடி போயி கண்ணைக் காட்டிட்டு வந்தேன்ணே. டாக்டர் ஒண்ணுமில்லைங்காரு, நான் நம்பாம இன்னொரு டாக்டர்ட்ட போவோம்னு இருந்தேன்." காயல்பட்டினத்திலிருந்து தூத்துக்குடிக்கு பஸ் ஏறிப் போய், வரிசையில் உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு எழுத்தெழுத்தாகப் படித்துக் காட்டியிருக்கிறான், நல்ல கண்ணை வைத்துக்கொண்டு. இருநூறு கெஜம் தள்ளி விழுந்த குண்டு கடலோடு போயிற்று என்றல்லவா நினைத்திருந்தோம். மூன்றாம் விமானம் புகையோடு சாய்ந்து நெருங்கி வந்தது, வந்தது, அவருடைய இடது இறக்கைக்கும் அதன் மூக்குக்கும் நடுவில் இருபதடி இருக்கும்வரை வந்து ஒட்டிக்கொண்டது. நாற்பது துப்பாக்கியும் ஒன்றாகப் பேச, சண்டை விமானம் ஒன்று கரும்புகையோடு கீழே போயிற்று, மற்ற இரண்டும் விலகிக்கொண்டன. "ஒண்ணு, குறி வெச்சாச்சா?" என்றாள் பவானி. டீச்சர் குரல் இல்லை அது. "என்னால முடியலை. ரெண்டு, நீ பாரு" என்றார். "சரி. உயரம் சொல்லுங்கண்ணே" என்றாள் அவள், தான் வைத்த சட்டத்தைத் தானே மறந்துவிட்டு. அவர் உயரம் சொன்னார், வேகம் சொன்னார், காற்று எந்தப் பக்கத்திலிருந்து என்று சொன்னார். குரல் ஆடவில்லை. அது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று அப்போதுதான் பட்டது. திரும்பத் தேவையில்லை, இஞ்சி தட்டிப்போட்ட டீ வாசனை. எதிலிருந்து நிற்கிறாள்? தம்பி நூஹு என்றதிலிருந்தா, என்ற கை நடுங்குச்சு என்றதிலிருந்தா? ஹெட்போன் போட்டுக்கொண்டு பேசுகிறவனுக்குத் தான் எவ்வளவு சத்தமாகப் பேசுகிறோம் என்று தெரிவதில்லை, அது அவள் வழக்கமாகச் சொல்கிற குறைதான். டம்ளரை மேஜைமேல் வைத்தாள். துரை என்று கேலி பண்ணவில்லை. பவானி மெல்ல எண்ணிக்கொண்டிருந்தாள், பத்து, ஒன்பது, எட்டு. எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது, ஆனால் மூன்று பேர் ஒட்டிக்கொண்டு வருகிறார்கள், இப்போது ஒதுங்க முடியாது. நேராகப் போ. நேராக மட்டும் போ. மூன்று, இரண்டு, ஒன்று. "விடு" என்றாள் பவானி, அவர் பொத்தானை அமுக்கினார். அமுக்குவதற்கு அசையாத கை தேவைப்படவில்லை. குண்டுகள் எங்கே விழுகின்றன என்று பார்க்காமல் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அதற்குள்ளிருந்து நூஹு சின்னக் குரலில் கத்துவது கேட்டது, பட்டுவிட்டது, அத்தனையும் பட்டுவிட்டது என்று.

"எந்தக் கை?" என்றாள் கோகிலவாணி.

வலது கையைத் தூக்கி நீட்டினார். நீட்டிய கையை அசையாமல் வைக்க வேண்டும் என்று நினைத்தார், அது தன் வேலையைக் காட்டியது. "மூணு மாசம்" என்றாள். "மூஞ்சி தெரியாதவங்களுக்குச் சொல்லத் தெரியுது. ஒரே வூட்டுல இருக்கறவ காதுக்கு அவங்களுக்கு அப்பறந்தான் வருது." "சொல்லாட்டி அந்தத் தம்பி வுழுந்திருப்பான்" என்றார். அது பதில் இல்லை என்று சொல்லும்போதே தெரிந்தது. திரையில் விமானம் தன்பாட்டுக்கு நேராகப் போய்க்கொண்டிருந்தது. அவள் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். "நாளைக்குத் திங்கக்கிழமை. எத்தன பேரு வருவாங்க?" "நாப்பது பேரு வருவாங்க. வெறும் வயித்தோட." "போறீங்களா?" "போகாம எப்படி? இருபத்தாறு வருஷம். ஒரு நாளு ரெண்டு நாளு சமாளிச்சு..." என்று ஆரம்பித்தார். அவள் சேலைத் தலைப்பை ஒதுக்கி, வளையலை மேலே தள்ளிவிட்டு, இடது கையை மேஜைமேல் மல்லாத்தி வைத்தாள், லேப்பில் வந்து உட்காருகிறவர்கள் வைப்பதுபோலவே. முஷ்டியை மடக்கினாள். "இதுல குத்துங்க பார்க்கலாம்" என்றாள். முழங்கை மடிப்பில் பச்சை நரம்பு எழும்பி நின்றது. நல்ல நரம்பு, கண்ணை மூடிக்கொண்டு குத்தலாம், புதுசாகப் படித்துவிட்டு வருகிற பிள்ளைகூட முதல் குத்தில் எடுத்துவிடும். ஊசி இல்லை, கையில் கட்டுகிற பட்டை இல்லை, பஞ்சு இல்லை. இருந்தாலும் தொட்டிருக்க மாட்டார் என்று அவருக்குத் தெரிந்தது.

"மாட்டேன்" என்றார்.

"அப்ப மத்தவங்க கையில மட்டும் குத்தலாமாக்கும்?"

அவர் செல்போனை எடுத்து லேப்புக்காரர் எண்ணைத் தேடினார், விரல் இரண்டு தடவை தப்பான பெயரில் பட்டது, மூன்றாம் தடவை சரியாகப் பட்டது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, தூங்கிக்கொண்டிருப்பார். கோகிலவாணி மேஜையில் வைத்த கையை எடுக்கவில்லை. அந்தப் பக்கம் ஆள் எடுத்து, இவர், "நாளையிலிருந்து என்னால ஊசி குத்த முடியாதுங்க" என்று சொல்லும்வரைக்கும் அது அங்கேயே இருந்தது.